கணக்குப் போடும் மேசையில் நம்மட பிள்ளைகள் எத்தனை பேர்?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஏ.எல். படிக்கிற, கெம்பஸ் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாக வாசித்துவிட்டு அந்தப் பிள்ளைக்கும் காட்டுங்கள்.

2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெயர்ப் பட்டியல் வந்ததும் "அவருக்குக் கிடைத்திருக்கு, எங்களுக்கு இல்லை" என்ற பேச்சுத்தான் சந்தையிலும் பள்ளிவாசல் வாசலிலும். நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் போயின. ஏச்சு வாங்கியது யார்? கிராம சேவகர், சமுர்த்தி உத்தியோகத்தர், வீடு வீடாக வந்து தகவல் எடுத்த பிள்ளைகள்.

ஆனால் யாருக்கு எவ்வளவு என்று இவர்களில் ஒருவரும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுத்தது ஒரு சூத்திரம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு பிரிவுகள். அவற்றுக்குள் 22 குறிகாட்டிகள். ஒவ்வொரு வீட்டின் பதில்களுக்கும் புள்ளி போட்டு, அந்தப் புள்ளியை வைத்து மாதம் 2,500 ரூபாயா, 5,000 ரூபாயா, 8,500 ரூபாயா, 15,000 ரூபாயா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று பிரித்தார்கள். மின்சாரப் பாவனைகூட அந்த 22க்குள் ஒன்று.

சூத்திரம் வைத்துப் பிரிப்பது பிழையான வேலை இல்லை. ஒரு எம்பியின் கடிதத்துக்கோ ஒரு உத்தியோகத்தரின் விருப்பத்துக்கோ விடுவதைவிட அது எவ்வளவோ மேல். கேட்க வேண்டியது வேறொரு கேள்வி. இப்படி ஒரு சூத்திரத்தைச் செய்யும்போது, "இந்தக் கேள்வி எங்கட கரையில் வேலை செய்யாதே" என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் அந்த மேசையில் இருந்தாரா?

ஏன் கேட்கிறோம் என்றால், 2004 டிசம்பர் 26ல் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம்மட அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கும் மேல். அதன்பிறகு வெளிநாடுகளும் நிறுவனங்களும் தனவந்தர்களும் கட்டிக்கொடுத்த வீடுகளில்தான் கரையோரக் குடும்பங்கள் பல இன்றைக்கும் இருக்கின்றன. கல்லுச் சுவர், சீமெந்துத் தரை, நல்ல கூரை, மலசலகூடம். வீட்டைப் பார்த்தால் வசதியான குடும்பம். உள்ளே போனால் வாப்பா கரைவலைக் கூலி. கடல் கொந்தளித்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. "வீட்டின் சுவர் எதனால் ஆனது?" என்ற கேள்வி வேறு மாவட்டங்களில் வறுமையைச் சரியாகக் காட்டலாம். தானமாகக் கிடைத்த வீட்டில் அதே கேள்வி வறுமையை மறைத்துவிடும். மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மட்டும் உள்ள கதை இல்லை இது. பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் வரைக்கும் இதே கதைதான்.

இன்னொன்று. நம்மட வழக்கத்தில் வீடு மகளுக்குப் போகும். மகள் கல்யாணம் முடித்ததும் உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் ஒரு பத்திக்குள் ஒதுங்கிவிடுவார்கள். ஒரே வளவுக்குள் இரண்டு அடுப்பு, மூன்று அடுப்பு இருக்கும், மின்சார மீற்றர் ஒன்றுதான் இருக்கும். அந்த மீற்றரின் யூனிட் கணக்கு எந்தக் குடும்பத்தின் தலையில் விழும்?

மூன்றாவது, மருதமுனைத் தறி. இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 32 பேர் அளவில்தான் தொழில் படையில் இருப்பதாக அண்மைய ஆண்டுகளின் புள்ளிவிபரம் சொல்கிறது. ஆய்வுக்கு வந்தவர் வாசலில் நின்று "உங்கட மனைவி வேலை செய்கிறாவா?" என்று கேட்டால், "இல்லை, வீட்டிலதான் இருக்கிறா" என்பதுதான் நம்மட ஆண்களின் வாயில் முதலில் வரும் பதில். அந்த நேரம் உள்ளே தறி ஓடிக்கொண்டிருக்கும். "போன கிழமை தறியில் இருந்தாவா? நூல் சுற்றினாவா? பாய் இழைத்தாவா?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அப்படிக் கேட்க வேண்டும் என்பது நம்மட ஊரில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

இப்படியான விடயங்களைப் பார்க்கும் வேலைக்கு ஒரு பெயர் உண்டு. ஆராய்ச்சி உதவியாளர், ஆய்வாளர் என்பார்கள். அரசாங்கத்தின் பொருளாதாரக் கொள்கையிலும் வரவு செலவுத் திட்டத்திலும் கீழ்மட்டத்தில் நுழையும் முதல் வேலை. கல்முனையில் நூறு பெற்றோரை நிறுத்தி "உங்கட பிள்ளை என்னவாக வர வேண்டும்?" என்று கேட்டால் டொக்டர், இஞ்சினியர், லோயர், எக்கவுண்டன், டீச்சர் என்று வரும். இந்த வேலையின் பெயர் வராது. பிள்ளைகளின் வாயிலும் வராது, ஏனென்றால் அப்படி ஒரு வேலை இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

என்ன வேலை அது?

அஸ்வெசும போன்ற ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவர முன்னர் ஒரு ஆய்வாளர் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவு ஆய்வுத் தரவை எடுத்து, சூத்திரத்தை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு வகைப் பிழையை எண்ண வேண்டும். உண்மையில் ஏழை, ஆனால் சூத்திரம் வெளியே தள்ளிவிட்டது, இது ஒன்று. உண்மையில் வசதியானவர், ஆனால் சூத்திரம் உள்ளே எடுத்துவிட்டது, இது மற்றது. இரண்டையும் பூச்சியமாக்க யாராலும் முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தக் குறிகாட்டியை மாற்றினால் எத்தனை ஏழைக் குடும்பங்கள் திரும்ப உள்ளே வரும், அதற்கு எவ்வளவு கோடி கூடுதலாகச் செலவாகும் என்று இரண்டு பக்கத்தில் எழுதி மேலதிகாரிக்குக் கொடுப்பதுதான் அந்த வேலை.

நாளாந்தம் பார்த்தால் பளபளப்பான வேலை இல்லை. மத்திய வங்கியின் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து எக்செல்லில் போடுவது. இரண்டு திணைக்களங்களின் எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மூன்று நாள் மண்டையை உடைப்பது. ஒரு வரைபடம் கீறுவது. மூத்தவர் சிவப்பு மையில் வெட்டித் திருப்பித் தந்ததை நாலாவது தடவையும் எழுதுவது. ஆனால் அந்த இரண்டு பக்கம் படிப்படியாக மேலே போய் ஒரு அமைச்சின் செயலாளரின் மேசைக்கோ பாராளுமன்றக் குழுவின் மேசைக்கோ வரும்போது, அங்கே இருக்கிற பெரியவர்களுக்கு எண்களை ஆரம்பத்திலிருந்து பார்க்க நேரம் இருக்காது. கீழே இருந்த பிள்ளை எந்தக் கேள்வியைக் கேட்டதோ அந்தக் கேள்விக்குத்தான் மேலே பதில் தேடுவார்கள். கேட்காத கேள்வி மேலே போய்ச் சேராது.

இனி பட்ஜட்டுக்கு வருவோம். நவம்பர் மாதம் பட்ஜட் உரை நடக்கும்போது நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்கள் சூடாகும். "கல்முனைக்கு என்ன கிடைத்தது?" "நம்மட எம்பிமார் வாய் திறந்தார்களா?" ஆனால் அந்த நேரம் கறி ஆக்கி இறக்கியாயிற்று, உப்புப் பார்ப்பது மட்டும்தான் மிச்சம். வழக்கமான ஒரு ஆண்டில், ஆண்டின் நடுப்பகுதியிலேயே தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களம் அமைச்சுகளிடமும் திணைக்களங்களிடமும் மாவட்டச் செயலகங்களிடமும் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைக் கேட்கும். கேட்டதை வெட்டி, ஒட்டி, திறைசேரி பேரம் பேசி முடித்த பிறகு ஒதுக்கீட்டுச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வரும். அதன் இரண்டாம் வாசிப்புத்தான் நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் பட்ஜட் உரை. நம்ம பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பிரிவில் ஜூன், ஜூலையில் ஒரு உத்தியோகத்தர் நிரப்பும் படிவத்துக்கு உள்ள பலம், நவம்பரில் நாம் போடும் ஐம்பது பதிவுகளுக்கு இல்லை.

அதோடு, ஒதுக்கியது வேறு, விடுவித்தது வேறு, செலவழித்தது வேறு. "இத்தனை மில்லியன் ஒதுக்கீடு" என்று பெனர் கட்டுவார்கள். ஆண்டு முடிவில் அதில் எவ்வளவு காசு உண்மையாக வந்தது, எவ்வளவு வேலை முடிந்தது என்று மூன்று நிரலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யார்? மதிப்பீட்டுப் புத்தகங்கள் தமிழிலும் வெளிவருகின்றன. நிதியமைச்சின் இணையத்தளத்தில் எவரும் இறக்கிப் பார்க்கலாம். வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் பட்ஜட் உரையில் சொன்ன வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று கண்காணித்துப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. அதே வேலையைக் கல்முனை மாநகர சபைக்கும் நிந்தவூர், சம்மாந்துறைப் பிரதேச சபைகளுக்கும் செய்ய நம்மிடம் ஆள் வேண்டாமா?

கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மட கண்முன்னால் இருக்கிற உதாரணம் ஒலுவில் துறைமுகம். டென்மார்க் கடனுதவியில் கட்டி 2013ல் திறந்தார்கள். அதன்பிறகு வாயிலை மண் மூடியது. படகுகள் போக வர முடியாமல் மீனவர்கள் நின்றார்கள். வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது, தென்னந்தோப்புகள் போயின. கட்டும் செலவு என்பது ஒருமுறைச் செலவு, மூலதனச் செலவு. மண் அள்ளுவது வருடா வருடம் வரும் செலவு, மீண்டெழும் செலவு. "ஒவ்வொரு ஆண்டும் மண் அள்ள யார் பணம் தருவது? அது எந்தத் தலைப்பின் கீழ் வரும்? கப்பல் வராவிட்டால் கடனை எதிலிருந்து கட்டுவது?" வரவு செலவு ஆய்வாளர் ஒருவர் முதல் நாளே கேட்கும் சாதாரணக் கேள்விகள் இவை. திறப்பு விழாவுக்குச் சனம் திரண்டது. இந்தக் கேள்விகளோடு எத்தனை பேர் போனார்கள்?

நாட்டளவில் பார்த்தாலும் அதே கதைதான். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். கேட்க இனிப்பாக இருந்தது. அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதமளவுக்கு விழுந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். சம்மாந்துறை, இறக்காமம், அக்கரைப்பற்று வயல்காரர்களுக்கு அந்தப் பெரும்போகம் எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள். பிறகு நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபா நஷ்டஈடு அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அரிசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தோம். 2022 ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. அந்தச் செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். வரி மட்டும் திரும்பி ஏறி 2024 ஜனவரி முதல் 18 வீதத்தில் நிற்கிறது. ஒரு பால்மாப் பெட்டி வாங்கும்போதும் அந்தக் கணக்குப் பிழையின் தவணையை நாம் கட்டுகிறோம்.

"அப்போதும் ஆய்வாளர்கள் இருந்தார்கள்தானே, சொன்னார்கள்தானே, யார் கேட்டது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உரத்தடை விடயத்தில் விவசாய விஞ்ஞானிகள் முன்கூட்டியே எச்சரித்தார்கள்; கேட்கவில்லை. ஆய்வாளர் முடிவெடுப்பவர் இல்லை. முடிவு அரசியலில்தான் எடுக்கப்படும். ஆனால் எழுதி வைத்த எச்சரிக்கை அழியாது. அடுத்த தடவை அதே முடிவை எடுக்க வருபவர் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. எழுதவே இல்லை என்றால் அதுவும் சொல்லிவிடுவார்.

இப்போது இந்த வேலைக்கு முன்னெப்போதையும்விடத் தேவை கூடியிருக்கிறது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு சுமார் 3 பில்லியன் டொலர் திட்டம் ஆரம்பித்தது. 2024ல் வந்த அரச நிதி முகாமைத்துவச் சட்டம், கடன் வட்டி தவிர்ந்த அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. இதை நம்மட பாசையில் சொன்னால், பானையின் அளவு சட்டத்தால் கட்டப்பட்டுவிட்டது. நமக்கு ஒரு அகப்பை கூட வேண்டுமென்றால் இன்னொருவரின் கோப்பையிலிருந்து வர வேண்டும். அப்படியான நேரத்தில் "எங்களுக்கும் தாருங்கள்" என்ற கோஷத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். "இந்த வைத்தியசாலைக்கு இத்தனை நோயாளி, இத்தனை கட்டில், இத்தனை தாதி, இதே அளவு வைத்தியசாலைக்கு வேறு மாவட்டத்தில் இவ்வளவு, ஆகவே இவ்வளவு குறைகிறது" என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், திறைசேரியில் இருப்பவர் குறைந்தது பதில் சொல்லியாவது ஆக வேண்டும்.

பாராளுமன்ற உறுப்பினர்களுக்குச் சுயாதீனமான நிதிப் பகுப்பாய்வு தர பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகத்துக்கான சட்டம் 2023ல் நிறைவேறியது. அரச நிதி பற்றிய குழு ஒவ்வொரு வரிப் பிரேரணையையும் ஆராய்கிறது. திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து 7 பேரைத் தெரிவுசெய்து அனுப்புகிறோம். அடுத்த தேர்தலில் மேடைக்கு வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்குக் கணக்குப் பார்த்து எழுதித் தருபவர் யார்?" பிரத்தியேகச் செயலாளர், இணைப்பாளர், டிரைவர் என்று பட்டியல் வரும். ஆய்வாளர் என்று ஒரு பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

சரி, பிள்ளை எந்த வழியால் போவது?

அரசுக்குள் என்றால் இலங்கைத் திட்டமிடல் சேவை இருக்கிறது. போட்டிப் பரீட்சை, தமிழிலேயே எழுதலாம். சித்தியடைந்தால் உதவிப் பணிப்பாளராகப் பிரதேச செயலகத்திலோ கச்சேரியிலோ அமைச்சிலோ தொடங்கலாம். மத்திய வங்கியின் பொருளாதார ஆராய்ச்சித் திணைக்களம் இருக்கிறது. அதற்குப் பட்டத்தில் நல்ல வகுப்புச் சித்தியும் கடும் போட்டியைத் தாங்கும் மனமும் வேண்டும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இருக்கிறது. 1988ல் பாராளுமன்றச் சட்டத்தால் உருவான கொள்கை ஆய்வுகள் நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. ஆராய்ச்சி உதவியாளர்களை எடுப்பார்கள். வெளியே வெரிட்டே ரிசர்ச், அட்வகாட்டா, வறுமை ஆராய்ச்சி நிலையம் போன்றவை இருக்கின்றன. பொருளியல், புள்ளிவிபரவியல், கணிதம், முகாமைத்துவம் எதைப் படித்தாலும் நுழையலாம்.

பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. மூன்று விடயம் வேண்டும். ஒன்று, ஒரு அட்டவணையைப் பார்த்து அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று விளங்குவது. இரண்டு, எக்செல்லும் ஏதாவது ஒரு புள்ளிவிபர மென்பொருளும். மூன்று, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல், சுருக்கமாக எழுதுவது. நம்மட பிள்ளைகள் தடுக்கி விழுவது மூன்றாவதில். ரியூசனில் பாஸ்ட் பேப்பர் செய்து பழகிய கைக்கு, விடை தெரியாத கேள்விக்குச் சொந்தமாக ஒரு பக்கம் எழுதுவது கஷ்டம். இது பிள்ளையின் மூளைக் குறைபாடு இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். பழக்கலாம்.

பெற்றோர் சொல்லும் தடைகள் நமக்குத் தெரியும். "கொந்தராத்து வேலை, பென்சன் இல்லை." உண்மை. ஆய்வு நிறுவனங்களில் ஆரம்பச் சம்பளத்தில் கொழும்பில் போடிங் காசும் சாப்பாடும் போக மிஞ்சுவது கொஞ்சம். ஆனால் 2020ல் 50,000 அளவிலான பட்டதாரிகளுக்கு ஒரேயடியாக அரச பயிலுனர் நியமனம் கொடுத்தார்களே, அதில் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு மேசைக்கு மூன்று பேர் என்று இருந்து, படித்த பாடத்தை ஒருநாளும் தொடாமல் வருடங்கள் போவதாக அவர்களே நம்மிடம் வந்து சொல்கிறார்கள். பென்சன் இருக்கிறது, படிப்பு துருப்பிடிக்கிறது. இரண்டு வருடம் ஆய்வு வேலையில் இருந்த பிள்ளைக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில், முதுமாணி, திரும்பி வந்தால் மத்திய வங்கி, சர்வதேச நிறுவனம் என்று பாதை விரியும். அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்கிறோம்: உங்கட கையில் இருக்கிற தரவு கொழும்பு ஆய்வாளருக்குக் கிடைக்காத தரவு. அதை வைத்து ஒரு சிறு அறிக்கை எழுதிப் பாருங்கள்.

"பொம்பளப் பிள்ளையை எப்படிக் கொழும்புக்குத் தனியே அனுப்புவது?" இதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் படிப்பில் முன்னுக்கு நிற்பது நம்மட பெண் பிள்ளைகள்தான். வகுப்பறையில் தினம் பார்க்கிறோம். திட்டமிடல் சேவையில் சேர்ந்தால் ஊருக்குப் பக்கத்திலேயே கடமை கிடைக்க இடமுண்டு. தரவு வேலையின் பெரும்பகுதி மடிக்கணினியில் நடப்பது. வீட்டிலிருந்து செய்ய விடும் நிறுவனங்களும் உண்டு. தறியில் இருக்கிற உம்மாவிடம் சரியான கேள்வியைக் கேட்கப் போவதும் ஒரு பெண் பிள்ளைதான், வாசலில் நின்று கேட்கும் ஆண் உத்தியோகத்தர் இல்லை.

இன்னொரு விடயத்தையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். நம்மட பிள்ளை அந்த மேசைக்குப் போவது ஊருக்குக் காசு அள்ளிக்கொண்டு வருவதற்கு இல்லை. எண்ணை வளைக்கிற ஆய்வாளர் ஒரு நாளில் பெயரை இழப்பார். சரியாக எண்ணுவதும், யாரும் எண்ணாமல் விட்டதை எண்ணுவதும்தான் அவரின் வேலை. தான வீட்டுக் குறிகாட்டியைத் திருத்தினால் சாய்ந்தமருதுக் குடும்பத்துக்கும் பாண்டிருப்புக் குடும்பத்துக்கும் ஹம்பாந்தோட்டைக் கரையில் இருக்கிற சிங்களக் குடும்பத்துக்கும் ஒன்றாகத்தான் நீதி கிடைக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இந்த வேலை நம்மட மண்ணுக்குப் புதியதுமில்லை. 1942ல் யுத்தம் நடக்கிறது, பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுவிட்டது, நாட்டுக்குப் பசி. அந்த நேரம் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். நெல் விளைவிக்கும் மக்களின் பிள்ளைகள் படிக்காமல் இருப்பதை அவர் இங்கே கண்ணால் கண்டார். 1945ல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானதற்குப் பின்னால் அவரின் கல்முனை அனுபவமும் இருக்கிறது. வயலைப் பார்க்க வந்த உத்தியோகத்தர் வகுப்பறையையும் பார்த்தார்; பார்த்ததை ஒரு நிறுவனமாக்கிவிட்டுப் போனார்.

அதற்கும் முன்னால், யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்கெல்லாம் தெரியும். விளைச்சல் உள்ள ஏழு ஆண்டில் சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டைக் கடத்திய திட்டம். களஞ்சியத்தின் பொறுப்பைத் தாமாகக் கேட்டு வாங்கியபோது அவர்கள் முன்வைத்த தகுதிகள் இரண்டு: பாதுகாக்கும் நேர்மை, அதுபற்றிய அறிவு. குத்பாவில் இந்த வரலாற்றைக் கேட்கும்போது கனவின் விளக்கத்தோடு நின்றுவிடாமல் களஞ்சியக் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

செய்யக்கூடிய நாலு காரியங்கள்:

1. ஏ.எல். வர்த்தகம், கலை, கணிதப் பிரிவு ஆசிரியர்களே, வருடத்தில் ஒரு பாடவேளை போதும். மதிப்பீட்டுப் புத்தகத்தில் அம்பாறை மாவட்டச் செயலகத்தின் பக்கத்தை அச்சடித்துக் கொடுங்கள். போன வருடம் செலவானது, இந்த வருடம் ஒதுக்கியது, வித்தியாசம் எத்தனை வீதம், ஏன்? இவ்வளவும் கேட்டாலே போதும்.

2. பழைய மாணவர் சங்கங்களே, கத்தாரிலும் சவூதியிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகளே, கட்டடத்துக்கும் கேற்றுக்கும் கொடுத்தது போதுமான அளவு இருக்கிறது. கொழும்பில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஆறு மாதம் பயிலுனராக இருக்கும் ஒரு பிள்ளையின் போடிங் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு பிள்ளைகள். பத்து வருடத்தில் இருபது பேர்.

3. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் புள்ளிவிபரவியலும் படிக்கிற பிள்ளைகளே, ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலையாதீர்கள். துறைமுகம் உங்கட வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தறி மருதமுனையில் இருக்கிறது. சுனாமி வீடு எல்லா ஊரிலும் இருக்கிறது.

4. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பொது அமைப்புகளும் மகஜர் எழுதும்போது கோரிக்கைக்குக் கீழே ஒரு அட்டவணை வையுங்கள். அதைத் தயாரிக்க ஊரில் படித்த ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதுதான் முதல் பயிற்சி.

நெருக்கடிக்குப் பிறகு நாட்டில் நாலு பேரில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்தக் கோட்டை எங்கே கீறுவது, யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று இன்றைக்கும் கொழும்பில் யாரோ ஒரு இளம் பிள்ளை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருக்கும். நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், நேர்மையாகத்தான் செய்யும். கரைவலையும் தறியும் வளவும் அதற்குத் தெரியாது என்பதுதான் நம்மட கவலை. தெரிந்த பிள்ளை நம்மட வகுப்பறைகளில் இருக்கிறது.

இந்த வருடம் ஏ.எல். முடிவு வந்ததும் வர்த்தகப் பிரிவிலோ கலைப் பிரிவிலோ நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை உங்கட வீட்டில் இருந்தால், "டீச்சிங் கிடைக்குமா?" என்று கேட்க முன்னர் இந்த வேலையையும் ஒருமுறை அந்தப் பிள்ளையோடு பேசிப் பாருங்கள். அல்லாஹ் நம்மட பிள்ளைகளின் அறிவில் பரக்கத் செய்வானாக.